மீசை மறைத்த சொல்

என் நாத்தனாருக்கு அம்மாவும் அப்பாவும் ஒன்றுதான். கிண்டலுக்குச் சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, சத்தம் வராமல் ஒரு தடவை 'அம்மா' என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் 'அப்பா' என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரியும். அவளுக்குக் காது கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். வீட்டில் எல்லாரும் அவளைப் பாப்பா என்று கூப்பிடுவோம், அதிலும் ஒரு வம்பு. வீட்டுக்கு வந்த பெரியவர் யாரையாவது நாங்கள் 'மாமா' என்று கூப்பிடும்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தால், தன்னைத்தான் கூப்பிடுகிறோம் என்று எழுந்து வந்துவிடுவாள். முப்பது வயதைத் தாண்டிய பிறகும் அவள் எங்களுக்குப் பாப்பாதான். மாமாக்கள் வரும்போதெல்லாம் எழுந்து வந்துகொண்டுதான் இருந்தாள்.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோய்விட்டது. அதற்குள் கொஞ்சம் பேச்சு வந்திருந்தது. மிச்சத்தை வீட்டார் உதடுகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். குரல் ஏற வேண்டிய இடத்தில் இறங்கும், இறங்க வேண்டிய இடத்தில் ஏறும். புதியவர்களுக்கு முதலில் புரியாது, கொஞ்சம் பழகினால் புரிந்துவிடும். அந்தக் கொஞ்சம் பழகுகிற பொறுமை இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். நாத்தனாரும் அண்ணியும் ஒற்றுமையாக இருக்கிறோம் என்றால் அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரி சிரிப்பார்கள், காது கேட்காதவளோடு எப்படிச் சண்டை போடுவது என்று நினைத்துக்கொள்வார்கள் போல. சண்டை போட்டோம், நன்றாகவே போட்டோம். கோபம் வந்தால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அதற்கு மேல் நான் கரடியாய்க் கத்தினாலும் பிரயோஜனம் இல்லை. நான் கத்தி முடித்திருப்பேன் என்று அவளுக்குத் தோன்றும்போது ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து பார்ப்பாள். அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சண்டை அதோடு முடிந்துவிடும்.

எல்லாரும் அவளைச் செவிடு என்றார்கள். அந்தச் சொல்லில் மேல் பல் கீழ் உதட்டைத் தொடும், தெருக்கோடியில் நின்று சொன்னாலும் பளிச்சென்று தெரியும். ஆயிரம் சொற்களைத் தவறவிட்டிருக்கிறாள், அந்த ஒன்றை மட்டும் அவள் தவறவிட்டதே இல்லை.

அவள் படிப்பு நின்றதற்குக் காரணம் டீச்சரின் நடை. கேட்டால் நம்பமாட்டீர்கள். டீச்சர் கெட்டவர் இல்லை. ஆனால் வாசகம் சொல்லி எழுதச் சொல்லும்போது வகுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டே சொல்லுவார். அவர் முகம் தெரிகிற வரைக்கும் பாப்பா எழுதுவாள். முதுகு தெரிந்ததும் பென்சிலை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். அவர் திரும்பி வரும்போது வேறு வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கும். எந்தப் பாடமாக இருந்தாலும் அவளுக்குக் கிடைத்தது டீச்சர் எதிரே வந்த பாதி மட்டும்தான். போகிற பாதி போய்விடும். கரும்பலகையில் எழுதிக்கொண்டே விளக்குகிறவர்களிடம் அந்தப் பாதியும் கிடைக்காது.

நான் ஒரு நாள் நேரில் போய்க் கேட்டேன்.

"டீச்சர், நீங்க ஒரே இடத்துல நின்னு சொன்னா இவ முழுசா எழுதிடுவா."

"ஒருத்திக்காக நான் நின்ன இடத்துலயே நிக்க முடியுமாம்மா? நான் நடக்கலைன்னா கடைசி பெஞ்சு தூங்கிடும்."

"தூங்கினா எழுப்பிக்கலாமே. உங்க முகம் தெரியலைன்னா இவ என்ன பண்ணுவா?"

"இவங்களுக்குன்னு தனியா ஸ்கூல் இருக்குல்ல. அங்க சேர்க்க வேண்டியதுதானே."

தனிப் பள்ளிக்கூடம் இருந்தது, வேறு ஊரில். அங்கேயே தங்கித்தான் படிக்க வேண்டும். என் மாமியாரிடம் சொன்னபோது அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே வைக்கவே இல்லை.

"இருட்டுல பயந்து அழுதா, அவ அழறது அவளுக்கே கேக்காது. பக்கத்துல நான் இல்லைன்னா யாருக்குக் கேக்கும்?" என்றார்.

பிள்ளையைப் படிக்க வைக்காத தாய் என்று அவரைத் திட்ட எனக்கு இன்றைக்கும் வாய் வரவில்லை. பாப்பா அந்த வருஷம் தேறவில்லை. அடுத்த வருஷமும் அதே வகுப்பு, அதே டீச்சர், அதே நடை. அதற்கப்புறம் அவளே பையைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

பிறகு அவள் வேலை தேடிய கதை. தைரியமாகத்தான் தேடினாள். துணிக்கடையில் சேர்ந்தாள், முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டவர்களை மதிக்கவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பெட்டி ஒட்டுகிற இடத்தில் முதலாளிக்கு ஃபோனில்தான் எல்லாம் சொல்லி வழக்கம். வேறு சில இடங்களில் அவள் வாயைத் திறந்து தன் பெயரைச் சொன்னதுமே முகம் மாறிவிடும். 'சொல்லி அனுப்பறோம்' என்பார்கள். இவளுக்குச் சொல்லி அனுப்புகிற சாக்கில் எங்கள் தெருவுக்கு ஒருவரும் வந்ததில்லை.

மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். நான் ஒரு பல் டாக்டரிடம் உதவிக்கு இருக்கிறேன். நாள் முழுக்க ஊரார் வாயைப் பார்க்கிற வேலை. வீட்டில் ஒருத்தி, ஆஸ்பத்திரியில் ஒருத்தி, எங்கள் குடும்பத்துக்கே வாய் பார்ப்பதுதான் தொழில் என்று அவர் கேலி செய்வார். சாப்பாட்டுக்கு எங்களுக்குக் குறைவில்லை. அதனால் பாப்பா எதற்கு வேலைக்குப் போகத் துடிக்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

"என்ன குறை உனக்கு? வேளைக்கு சாப்பிடற, டிவி பாக்கற. வெளிய போய் யார்கிட்டயாவது பேச்சு வாங்கணுமா?" என்று ஒரு காலையில் கேட்டார். அண்ணன் பாசம்தான். பாசத்தோடு ஒருவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டலாம் என்பதை நான் அந்த வீட்டில்தான் கண்டேன்.

பாப்பா வாசல் கதவைக் காட்டினாள். "நீ போற. அண்ணி போறாங்க. நான் உள்ள இருந்து தாழ்ப்பாள் போடறேன். தினமும். எனக்கும் ஒரு நாள் வெளிய இருந்து பூட்டணும்."

அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற பெரிய சலவை நிறுவனம் ஒன்றில் துணி மடிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வாட்ச்மேன் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். வேலை கேட்டு வந்தவர் மட்டும்தான் உள்ளே போகலாமாம். நான் வெயிலில் நின்றேன். உள்ளே நடந்ததைப் பாப்பா சொல்லியும், பின்னால் மேனேஜர் சொல்லியும் சேர்த்துத் தெரிந்துகொண்டேன்.

மேனேஜருக்கு அடர்த்தியான மீசை. மேல் உதட்டை முழுசாக மூடி, கீழ் உதட்டிலும் பாதியை எட்டிப் பிடித்திருந்தது. பேசும்போது வாயை அதிகம் திறக்கவும் மாட்டார். ஒரு வார்த்தையாவது தெரியாதா என்று இவள் அந்த மீசையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இவள் பதில் சொன்ன விதத்திலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மனசு நோகாமல் சொல்ல வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "உள்ள மெஷினு நிறைய இருக்கு. ஆபத்துன்னா மணி அடிப்போம், உனக்குக் கேக்காது. வேணாம்மா. போயிட்டு வா."

அவர் சொன்னது 'வேணாம்மா'. பாப்பா பார்த்தது 'வேணும்மா'. நடுவில் வாய் திறக்கிறதா குவிகிறதா என்பதுதான் வித்தியாசம், அந்த இடத்தைத்தான் மீசை மூடியிருந்தது. முகத்தில் சிரிப்பு வேறு. போதாததற்கு, ஒருவரைத் திருப்பி அனுப்பும்போதும் 'போயிட்டு வா' என்றுதானே நாம் சொல்கிறோம்? வரவே வேண்டாம் என்கிறவரிடமும் வா என்கிறோம். அவளும் வரச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்தவளின் முகத்தை நான் அதற்கு முன்னால் அப்படிப் பார்த்ததில்லை. ரோடு என்றும் பார்க்காமல் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வேணும்னு சொன்னார், அண்ணி. சிரிச்சார். போயிட்டு வான்னார்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். வேணும்மான்னார்."

உனக்குச் சாப்பாடு வேணுமா, போர்வை வேணுமா என்று நாங்கள் எத்தனையோ தடவை அவளைக் கேட்டிருக்கிறோம். நீ வேணும் என்று யாரும் சொல்லி அவள் பார்த்ததில்லை. வழியெல்லாம் அந்த ஒரு சொல்லைச் சத்தமில்லாமல் உதட்டில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலை நானும் என் வீட்டுக்காரரும் முதலில் கிளம்பிவிட்டோம். அவள் கடைசியாகக் கதவைச் சாத்தி, பூட்டை மாட்டி, சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்தாளாம். எதிர்வீட்டுக்காரர், பூட்டு கையோடு வந்துவிடப் போகிறது என்று பயந்தேன் என்று சாயங்காலம் என்னிடம் சொன்னார்.

சலவை நிறுவனத்தில் வாட்ச்மேன் அவளை நேற்று வந்த பெண்தானே என்று உள்ளே விட்டார். அந்த வாரம் புதிதாகச் சிலர் சேர்ந்திருந்ததால் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டாள். மடிக்கிற கூடத்தில் சூப்பர்வைசர் அம்மா 'நீ யாரு?' என்று கேட்டதற்கு, "மேனேஜர் வேணும்னார்" என்று சொன்னாள். "அவரே சொல்லிட்டாரா? சரி, வா" என்று அந்த அம்மா அவளைக் கொண்டுபோய் ஒரு உயரமான பெண்ணுக்கு எதிரே நிறுத்தினார். அந்தப் பெண்ணோடு மடித்துக்கொண்டிருந்தவள் பிரசவத்துக்குப் போயிருந்தாள். மேனேஜர் முன்பக்கத்து அறையை விட்டு அந்தப் புழுக்கத்துக்கு வருவதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் போர்வையை வைத்துக்கொண்டு அந்த வேலையை எனக்கும் காட்டினாள். பெரிய விரிப்பைத் தனியாக மடிக்க முடியாது, இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து எதிரெதிரே நின்று, ஒரு இழு, ஒரு உதறு. அப்புறம் இருவரும் நடந்து வந்து நடுவில் சந்திக்க வேண்டும். ஒருத்தி தன் முனைகளை மற்றவள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து மடிப்பைப் பிடிப்பாள். மறுபடி பின்னால் போவார்கள், மறுபடி வருவார்கள். எதிரே இருப்பவளின் முகத்தைப் பார்க்காமல் இந்த வேலையைச் செய்யவே முடியாது. முதுகைக் காட்டாத ஒரு வேலை கடைசியில் என் நாத்தனாருக்குக் கிடைத்திருந்தது.

அந்தக் கூடத்தில் மெஷின்கள் போடுகிற சத்தத்தில் காது கேட்கிறவர்களுக்கும் ஒன்றும் கேட்காதாம். ஆளுக்காள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார்கள். பாப்பா மட்டும் அந்தக் கோடியில் பேசுவதை இந்தக் கோடியில் நின்று புரிந்துகொண்டாள். கொஞ்ச நாளில் 'அங்க என்ன சொல்றாங்க' என்று அவளைக் கேட்க ஆரம்பித்தார்கள். காதும் காதும் வைத்த மாதிரி ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. ஒரு நாள் சூப்பர்வைசர் அம்மா தூரத்தில் நின்று மேனேஜரைப் பற்றி ஏதோ சொல்ல, இவள் இங்கே விரிப்பைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். அந்த அம்மா அதிலிருந்து இவள் இருக்கும் பக்கம் பார்த்து மேனேஜரைத் திட்டுவதை விட்டுவிட்டார்.

உயரமான பெண் இவளை 'ஜோடி' என்று கூப்பிட்டாள். அங்கே எதிரெதிரே நிற்கிறவர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். இவளும் அவளை ஜோடி என்றாள். "ஜோடிக்கு இன்னிக்கு தலைவலி", "ஜோடி எனக்கு டீ வாங்கிக் குடுத்தா" என்று வீட்டுக்கு வந்து எனக்கு ஒரே ஜோடி புராணம். அவளுக்கு நாங்கள் கல்யாணம் பேசியதில்லை. யாரும் கேட்டு வந்ததுமில்லை. ஜோடி என்று ஒருத்தி கூப்பிட்டது அவளுக்கு என்னவாக இருந்திருக்கும்!

தலையெல்லாம் பஞ்சுத்தூசியோடு வருவாள். நான் தட்டிவிடப் போனால் விடமாட்டாள். தெருவில் நாலு பேர் பார்க்கட்டும் என்று அப்படியே கடைக்குப் போய் வருவாள். வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு இருக்கிற அலுப்பு முகத்தையும் எங்கிருந்தோ கற்றுக்கொண்டுவிட்டாள். சாயங்காலம் நாற்காலியில் 'அப்பாடா' என்று உட்கார்ந்து அண்ணனிடம் தண்ணீர் கேட்டாள். அவரும் கொண்டுவந்து கொடுத்தார்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்த மாதக் கடைசியில்தான் அடையாள அட்டை வந்தது. சூப்பர்வைசர் அம்மா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். எல்லாரும் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். பாப்பாவுக்கு மட்டும் அட்டை இல்லை. விட்டுப்போயிருக்கும் என்று அந்த அம்மா அவளை மேனேஜர் அறைக்குக் கூட்டிப் போனார். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தப் பொண்ணா? நான்தான் அன்னிக்கே வேணாம்னு அனுப்பிட்டேனே. இது எப்படி உள்ள வந்துச்சு?"

சூப்பர்வைசர் அம்மாதான் எனக்கு ஃபோன் செய்தார். ஒரு பெரியவரின் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டிருந்த நான், டாக்டரிடம் சொல்லிவிட்டு மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடினேன்.

நான் போனபோது மேனேஜர் உட்கார்ந்திருந்தார். சூப்பர்வைசர் அம்மா சுவரோரமாக நின்றார். கதவோரத்தில் உயரமான பெண் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். பாப்பா மேஜைக்கு முன்னால், கையில் பாதி மடித்த தலையணை உறையோடு. ஒவ்வொருவர் உதடாக மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் அவளுக்கு எதுவுமே பிடிபடாது.

"இவங்ககிட்ட நீங்களே சொல்லிக் கூட்டிட்டுப் போங்கம்மா. நான் அன்னிக்கே தெளிவா வேணாம்னுதான் சொன்னேன்" என்றார் மேனேஜர்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "தெளிவாவா? உங்க மீசைக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு உங்க வீட்டம்மாவுக்கே தெரியாதே சார், இவளுக்கு எப்படித் தெரியும்?"

சூப்பர்வைசர் அம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேனேஜர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சண்டை போடச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"வேலையில குறை இருக்கா?" என்று சூப்பர்வைசர் அம்மாவைக் கேட்டேன்.

"ஒரு குறையும் இல்லை. நல்ல பொண்ணு."

"வேலையை யார் குறை சொன்னா?" என்றார் மேனேஜர். "மணி அடிச்சா இவங்களுக்குக் கேக்காது. கொதிக்கற தண்ணி இருக்கு, நீராவிக் குழாய் இருக்கு. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

அப்போது உயரமான பெண் வாசலிலிருந்து பேசினாள். "மணி போன வாரம்கூட அடிச்சுது சார். நான் துணியை விட்டேன். எதிர்ல பிடிச்சிருக்கறவ கையை விட்டா இவளுக்குத் தெரியாமப் போயிடுமா? எனக்கு முன்னால வெளிய போனது இவதான்."

"நீ லீவு போட்டா?"

"நான் லீவே போடமாட்டேன் சார்."

இரண்டு பிள்ளைகள் வைத்திருக்கிறவளாம். அவள் அதைச் சொன்ன விதத்தில் அந்த அறையில் யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

"மணி அடிக்கற இடத்துல ஒரு சிவப்பு லைட்டும் எரியற மாதிரி வச்சா போதுமே சார்" என்றேன். "கடை வாசல்ல எல்லாம் மினுக்கு மினுக்குன்னு எரியுது."

அவர் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து கொண்டிருந்தார். "வைக்கலாம். பெரிய விஷயம் இல்லை. ஆனா அதுக்கு மேலிடத்துல கேக்கணும். கேட்டா, லைட்டைப் பத்திக் கேக்க மாட்டாங்கம்மா. இப்படி ஒரு ஆளை ஏன் உள்ள விட்டேன்னு என்னைத்தான் கேப்பாங்க. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. வேலை பாத்த மாசத்துக்கு சம்பளம் வாங்கித் தந்துடறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

வில்லன் மாதிரி ஒருவன் இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்திருப்பேன். இங்கே ஒருவர் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். அவர் பயப்படுகிற ஆள் வேறெங்கோ இருந்தார், அவரும் இன்னொருவருக்குப் பயந்துகொண்டிருப்பார். ஒரு விளக்கு எரிவதற்கு இத்தனை பேருடைய பயம் தீர வேண்டியிருந்தது.

பாப்பா ஒரு அடி முன்னால் வந்தாள். "சார். இன்னொரு தடவை சொல்லுங்க. அன்னிக்கு சொன்னது."

அவருக்கு அவள் பேச்சு பிடிபடவில்லை. என்னைப் பார்த்தார். அவள் சொன்னதை நான் அப்படியே திருப்பிச் சொன்னேன்.

"அதான் சொல்லிட்டேனேம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

"என்கிட்ட இல்லை சார். அவகிட்ட சொல்லுங்க. அவ உங்களைத்தான் பாத்துக்கிட்டு நிக்கறா."

அவர் எழுந்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அவளுக்கு நேர் எதிரே வெளிச்சத்தில் நின்றார். இரண்டு விரலால் மீசையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். மேல் வரிசையில் ஒரு முன்பல் இல்லை. பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் கண்ணுக்கு அதுதான் முதலில் படும். அதை மறைக்கத்தான் இத்தனை வருஷமாக அந்த மீசையை வளர்த்திருப்பார் போல. எங்கள் நான்கு பேருக்கும் முன்னால் அந்தப் பொக்கையைக் காட்டிக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"வே... ணாம்... மா."

பாப்பா பார்த்தாள். தலையாட்டினாள். புரிந்துவிட்டது. அவளுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக எதிரே வந்து நின்று, வாயைத் திறந்து, நிறுத்தி நிறுத்திப் பேசிய முதல் வெளியாள் அவர்தான். டீச்சர் செய்யாததை, கடைக்காரர்கள் செய்யாததை அவர் செய்தார். அந்த மரியாதையில் அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு வார்த்தை. அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். அதனால் எங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

கையிலிருந்த தலையணை உறையின் மிச்ச மடிப்பையும் மடித்து, மேஜையில் வைத்து, நீவிவிட்டாள். உயரமான பெண் வாசல் வரை எங்களோடு வந்தாள். வாட்ச்மேன் முன்னால் நின்று அவள் பாப்பாவின் தலையிலிருந்த பஞ்சுத்தூசியை ஒவ்வொன்றாக எடுத்தாள். என்னைத் தட்ட விடாதவள் அவளை விட்டாள்.

"ஜோடி, போயிட்டு வா" என்றாள் அவள்.

சொல்லிவிட்டு, என்ன சொன்னோம் என்று புரிந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அவளும் நானும் மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்தோம். என் வீட்டுக்காரரின் பெரிய போர்வை மட்டும் மிச்சம். அவள் இரண்டு முனையை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள். இழுத்தோம், உதறினோம், நடந்து வந்து நடுவில் சந்தித்தோம். நான் போர்வை முனையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதேன். அவள் அதை மெதுவாக என் வாயிலிருந்து விலக்கினாள்.

"மூடாதீங்க. என்ன சொல்றீங்கன்னு தெரியலை."

"நான் ஒண்ணும் சொல்லலைடி."

கொஞ்ச நேரம் என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, ஏற வேண்டிய இடத்தில் இறங்குகிற தன் குரலில் சொன்னாள்: "அன்னிக்கு மீசை இருந்தது நல்லதாப் போச்சு, அண்ணி. இல்லைன்னா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். ஒரு நாள்கூட போயிருக்க முடியாது."

மறுநாள் காலை வழக்கம்போல என் வீட்டுக்காரர் முதலில் கிளம்பினார். சாவி ஆணியில் தொங்கியது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, அவள் பார்க்கிற மாதிரி திரும்பி, போயிட்டு வரேன் என்றேன். அவள் தலையாட்டிக் கதவைச் சாத்தினாள். இரண்டு படி இறங்கியிருப்பேன். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.